எல்லா வரியிலும் ஏழு

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்ப்பேன். கதவைப் பூட்டி, மாடிப்படி இறங்கி, திரும்ப ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அலுவலகத்தில் எனக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர். மாமியார் வைத்திருக்கும் பெயர் இதைவிட நீளம். அது இப்போது வேண்டாம்.

என் வேலைக்கு இந்தக் குணம் தேவை என்று எல்லோரிடமும் சொல்லுவேன். ஓட்டுநர் உரிமங்களின் விவரமெல்லாம் சேமித்து வைக்கும் அலுவலகம் எங்களுடையது. நாற்பது லட்சம் பேருடைய உரிமம் கீழ்த்தளத்தில், குளிரூட்டிய ஓர் அறையில், ஒன்பது இயந்திரங்களில் இருக்கிறது. ஒவ்வோர் இயந்திரத்தையும் நோடு என்போம். ஒருவருடைய விவரம் ஒரே நோடில் இருக்காது. ஒன்பதில் ஏதாவது மூன்றில் இருக்கும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்ற இரண்டு பதில் சொல்லும். இந்த ஒன்பதும் எந்நேரமும் ஒன்றையொன்று 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று பதில் சொல்லத் தாமதித்தால் மற்ற எட்டும் சேர்ந்து அதைச் சந்தேகிக்கும். எனக்கு மிகவும் பிடித்த குடும்பம் அது.

அந்தத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல சேதி என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சொல்லிவிடுவார். அன்று எழுந்து வந்து தானே கதவைச் சாத்தினார்.

"ரெண்டரை வாரத்துக்கு முன்னாடி வாகனச் சோதனை நடந்துது இல்ல? வியாழன், வெள்ளி ரெண்டு நாள்ல நூத்தி முப்பத்தோரு லைசென்ஸ ரத்து பண்ணினாங்க."

"ஆமா சார். நாமதான் அழிச்சோம்."

"அதுல நாப்பத்து மூணு உயிரோட இருக்கு."

சனிக்கிழமை ஒரு காவல் அதிகாரி ஒரு லாரியை நிறுத்தியிருக்கிறார். ஓட்டுநரைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இவனுடைய உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி எழுதியதே அவர்தான். கையிலிருந்த கருவியில் எண்ணைத் தட்டினால், உரிமம் செல்லும் என்று வருகிறது. ஓட்டுநர் பல்லைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறான். அதிகாரி உட்கார்ந்து நூற்றுமுப்பத்தொரு எண்ணையும் தட்டிப் பார்த்து, பட்டியல் போட்டு, எங்கள் மேலாளருக்கு அனுப்பிவிட்டார்.

"மெஷின் கோளாறா இருந்தா மொத்தமும் திரும்பி வந்திருக்கணும்," என்றார் மேலாளர். "நாப்பத்து மூணு மட்டும் வந்திருக்குன்னா, யாரோ பொறுக்கி எடுத்திருக்காங்க. சரிதானே?"

"சரிதான் சார்," என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பட்டியலை என் பக்கம் திருப்பி, பேனா முனையை ஒரு வரியில் வைத்தார். இருபத்தொன்பதாவது வரி. பெயரைப் படிக்குமுன் முகவரியைப் படித்தேன். அது என் வீட்டு முகவரி.

என் கணவரின் தம்பி. என் கொழுந்தன். இதே அலுவலகத்தில், என் கீழே, அந்த ஒன்பது இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறவன். அலுவலகத்தில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயர். அவன் இங்கே 'வணக்கம்' சொன்னால் அடுத்த தெருவில் இருப்பவர் திரும்பி வணக்கம் வைப்பார்.

"எல்லாக் கதவையும் திறக்கிற பாஸ்வேர்டு ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு," என்றார் மேலாளர். "ஒண்ணு நீங்க. உங்களை நான் சந்தேகப்படல. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள உங்க ரிப்போர்ட்டு வேணும். நீங்க கையெழுத்து போட்டதும் அதைப் போலீஸ்ல கொடுத்துடுவேன். அவருக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு நாள் இருக்கு இல்ல?"

"ஆமா சார்."

"பாவம்," என்றார். ஆனால் பட்டியலை எடுத்துப் பையில் போடவில்லை. என் கையில்தான் கொடுத்தார்.

அவனுடைய உரிமம் ரத்தானதே எனக்குத் தெரியாது; அழிக்கும்போது எங்களுக்கு வருவது வெறும் எண்கள்தான். இரண்டு வாரமாக அவன் வண்டியைத் தொடவில்லை என்பது மட்டும் தெரியும். கேட்டதற்கு, "நடந்தா உடம்புக்கு நல்லது அண்ணி," என்று மெதுவாகச் சொன்னான். மெதுவாக என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் பொய் சொன்னால் குரல் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என் கணவரின் காரை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றுச்சுவரில் இடித்துவிட்டு வந்த அன்றைக்கு, "நிறுத்தித்தான் வெச்சிருந்தேன், அதுவா நகர்ந்துடுச்சு," என்று கொசு பறக்கிற சத்தத்தில் சொன்னான். பட்டியலில் போட்டிருக்கிறபடி மூன்று சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் உரிமத்தைப் பறிகொடுத்துவிட்டு, வீட்டில் உடம்புக்கு நல்லது என்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் வேறு எதைத்தான் மறைக்க மாட்டான்?

இரண்டு வருடம் வேலை இல்லாமல் இருந்தவன். மாமியார் தினமும் என் தட்டில் சோறு போடும்போது ஒரு பெருமூச்சையும் சேர்த்துப் போடுவார். கடைசியில் நான்தான் மேலாளரிடம் பேசி உள்ளே சேர்த்தேன். நான் சேர்த்த ஆள் என்பதால் அவன்மேல் எனக்கு இரண்டு மடங்கு சந்தேகம். அவன் தட்டச்சு செய்த கட்டளைகளை அவன் வீட்டுக்குப் போனபின் ஒவ்வொரு நாளும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். ஆறு மாதமாக அதில் ஒரு தப்பும் இல்லை. அதுவே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

கீழே இறங்கிப் போனேன். குளிர் அறையில் அவன் கழுத்துவரை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு கேபிளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். பட்டியலை நீட்டினேன். படித்தான். இருபத்தொன்பதில் நின்றான். காது சிவந்தது.

"லைசென்ஸ் போனதை வீட்ல சொல்லல அண்ணி. அம்மா கத்துவாங்கன்னு..."

"ஆபீஸ்ல மேடம்னு கூப்பிடச் சொன்னேனா இல்லையா? அது திரும்பி எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு."

"எனக்குத் தெரியாது மேடம்! நான் எதையும் தொடல!"

விசிறிகளின் இரைச்சலையும் தாண்டி அது வராந்தாவுக்குக் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் டம்ளரோடு திரும்பினார்கள். எனக்கு மானம் போயிற்று.

"மெதுவாப் பேசு," என்றேன். "ஊரைக் கூட்டாதே. உண்மையைச் சொன்னா நானே ஏதாவது பார்த்துச் சொல்லலாம்."

"உண்மையைத்தான் சொல்றேன்!" என்று அதைவிடச் சத்தமாகச் சொன்னான்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று கத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேட்ஜை வாங்கி வைத்துக்கொண்டு, மேலே காத்திருப்போர் நாற்காலியில் போய் உட்காரச் சொன்னேன். போனான். போகும்போது சீட்டு ஒட்டாத கேபிளைக் காட்டி, "இது ஏழுக்குப் போறது, கழட்டிடாதீங்க," என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

பிறகு தேட ஆரம்பித்தேன். யார் எப்போது நுழைந்தார்கள், என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதையெல்லாம் ஒன்பது நோடுகளும் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். பத்தரையிலிருந்து ஒரு மணி வரை படித்தேன். அந்த நாற்பத்து மூன்று உரிமங்களை யாரும் புதிதாக எழுதவில்லை. யாரும் திருத்தவில்லை. அவன் நுழைந்ததும் வெளியேறியதும் இருந்தன. நடுவில் வழக்கமான வேலை. ஒரு தடயமும் கிடைக்கவில்லை. நியாயமான ஆளாக இருந்தால் அங்கே நின்று யோசித்திருப்பாள். நான் அவன் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தடயத்தை அழித்திருக்கிறான் பார் என்று வியந்துகொண்டிருந்தேன்.

அழிப்பது என்றதும் போன புதன்கிழமை ஞாபகம் வந்தது.

ஏழாம் நோடுக்கு உள்ளே ஒரு சர்க்யூட் பலகை கெட்டுப்போய், வாகனச் சோதனை ஆரம்பித்த அதே வியாழக்கிழமை காலையில் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பியிருந்தோம். புதிய பலகை வருவதற்குத் தாமதமாகி, போன புதன்கிழமைதான் திரும்பி வந்தது. வெளியே போன நோடு பத்து நாளுக்குள் வந்தால் அப்படியே உள்ளே சேர்க்கலாம். பத்து நாள் தாண்டினால் அதிலிருக்கும் பழைய விவரம் முழுவதையும் அழித்து, வெறும் ஆளாகத்தான் உள்ளே விட வேண்டும். மற்ற எட்டும் அதற்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கும். இது எங்கள் அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் விதி. கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியவள் நான்தான்.

அன்றைக்கு ஹாரன் வாசலிலேயே வந்து நின்றான்.

"அண்ணி, பதிமூணு நாள் ஆச்சு! அழிச்சிட்டுத்தான் ஏத்தணும்!"

அன்றும் வராந்தா முழுக்கக் கேட்டது. அன்றும் எனக்கு மானம் போயிற்று.

"மேடம். பதிமூணு இல்ல, ஒன்பது. இதோ பார்," என்று பழுது பார்த்தவர்கள் கொடுத்த சீட்டைக் காட்டினேன். 'எடுத்துக்கொண்ட நாட்கள்: 9' என்று அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தியிருந்தது. எங்கள் வருகைப் பதிவேட்டிலும் எண்ணிப் பார்த்திருந்தேன். ஒன்பதுதான்.

"அது இல்ல அண்ணி, அதுல சனி..."

"உனக்கு அழிக்கிறதுல என்ன இவ்வளவு அவசரம்? அதுல என்ன இருக்கு?"

காகிதம் முத்திரையோடு ஒன்று சொல்கிறது, சுவரை இடித்துவிட்டுக் கார் தானாக நகர்ந்தது என்றவன் ஒன்று சொல்கிறான். எதை நம்புவது? அழித்தால் எல்லாவற்றையும் மறுபடி நிரப்ப இரண்டு நாள் ஆகும். அதுவரை பல விவரங்கள் இரண்டே இடத்தில் இருக்கும். இவன் பேச்சைக் கேட்டு அந்த ஆபத்தில் மாட்டுவதா? அவனை வெளியே அனுப்பிவிட்டு, ஏழை நானே ஏற்றினேன். அழிக்கவில்லை.

இப்போது திங்கட்கிழமை உட்கார்ந்து யோசிக்கும்போது, அன்றைக்கு அவன் காட்டிய அவசரமே எனக்குக் குற்றமாகத் தெரிந்தது. ஏழில் ஏதோ செய்து வைத்திருக்கிறான், அது தெரியாமல் இருக்க அழிக்கப் பார்த்தான் என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். எழுதும்போது கை ஓடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

ஒன்றே கால் மணிக்குக் கணவர் போன் செய்தார். தம்பி அவருக்குச் சொல்லியிருக்கிறான்.

"அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஆறு நாள் கழிச்சு அவன் போட்டுக்கிட்டுப் போக புதுச்சட்டை வாங்கி வெச்சிருக்காங்க. நிஜமாவே அவன்தானா?"

"பின்ன யாரு?"

"அவன் என்ன சொன்னான்?"

"இல்லன்னுதான் சொல்லுவான். திருடன் ஆமான்னு சொல்லுவானா?"

"அது கிடக்கட்டும். சத்தமாச் சொன்னானா, மெதுவாவா?"

"எனக்கு வேலை இருக்கு," என்று போனை வைத்துவிட்டேன்.

அறிக்கையில் ஒரே ஓர் ஓட்டை இருந்தது. நூற்றுமுப்பத்தொன்றில் இந்த நாற்பத்து மூன்றை அவன் ஏன் பொறுக்கினான்? காவல்துறையினர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். நண்பர்களா என்று பார்த்தேன். ஒரு எழுபது வயதுக்காரர், ஒரு கல்லூரிப் பெண், லாரி ஓட்டுநர்கள், ஒரு பல் மருத்துவர். ஊர் வாரியாகப் பிரித்தேன், பதினெட்டு ஊர். குற்றம் வாரியாகப் பிரித்தேன்; குடித்துவிட்டு ஓட்டியவர்களும் இருந்தார்கள், வெறும் வேகமாகப் போனவர்களும் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு அள்ளியதுபோல இருந்தது. பொறுக்குகிறவனுக்கு ஒரு காரணம் இருக்காதா?

வேறு எதுவும் தோன்றாமல், ஒவ்வோர் உரிமமும் எந்த மூன்று நோடுகளில் இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். இதை எந்த மனிதனும் தீர்மானிப்பதில்லை. உரிம எண்ணை வைத்து அமைப்பே ஒரு கணக்குப் போட்டு, இன்ன மூன்றில் எழுது என்று முடிவு செய்யும். திரையில் நாற்பத்து மூன்று வரிகள் வந்தன.

2, 7, 9.
1, 4, 7.
5, 7, 8.
3, 6, 7.

கீழே போகப் போக என் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. எல்லா வரியிலும் ஏழு. ஒரு வரிகூடத் தப்பவில்லை. செத்தே கிடந்த மீதி எண்பத்தெட்டையும் கேட்டேன். அதில் ஒரு வரியில்கூட ஏழு இல்லை.

ஒன்பதில் மூன்று என்றால் மூன்றில் ஒரு பங்கு. நூற்றுமுப்பத்தொன்றில் மூன்றில் ஒரு பங்கு நாற்பத்து மூன்று சொச்சம். யாரும் எதையும் பொறுக்கவில்லை. ஏழு தன்னிடம் இருந்ததைக் கொண்டுவந்து போட்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஒரு விவரத்தை அழிக்கச் சொன்னால் எங்கள் அமைப்பு உடனே துடைத்து மறந்துவிடாது. அந்த இடத்தில் 'இது போய்விட்டது' என்று ஒரு குறி வைக்கும். குறி பத்து நாள் இருக்கும். வெளியே போயிருந்த நோடு அதற்குள் திரும்பினால், மற்றவை குறியைக் காட்டி, 'உன்னிடம் இருப்பதையும் எடுத்துவிடு' என்று சொல்லிவிடும். பத்து நாள் ஆனதும் குறியையும் பெருக்கித் தள்ளிவிடும். அதன்பிறகு வருகிற நோடு, 'என்னிடம் இந்த உரிமம் இருக்கிறதே, உங்களிடம் ஏன் இல்லை?' என்று கேட்கும். அழித்த நினைவே இல்லாத மற்றவை, நாம்தான் எங்கோ தொலைத்துவிட்டோம் போலிருக்கிறது என்று வாங்கி எழுதிக்கொள்ளும். சந்தேகமே படாது.

ஆனால் ஒன்பது நாள்தானே? சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் போய்ப் பார்த்தேன். வியாழன், வெள்ளி. அப்புறம் திங்கள் முதல் வெள்ளி. அப்புறம் திங்கள், செவ்வாய். ஒன்பது. எங்கள் அலுவலகத்தில் எதையும் இப்படித்தான் எண்ணுவோம். மனுவுக்குப் பதில் பதினைந்து நாளில் என்றால் பதினைந்து வேலை நாள். மேல்முறையீடு முப்பது நாள் என்றால் முப்பது வேலை நாள். பழுது பார்க்கிறவர்களும் எங்களோடு பழகி எங்கள் கணக்கிலேயே சீட்டு எழுதுகிறார்கள். பதினாறு வருடமாக என் விரல் சனி, ஞாயிற்றைத் தாண்டித் தாண்டியே எண்ணிப் பழகியிருக்கிறது.

இயந்திரம் விடுமுறைக்குப் போவதில்லை. விரலை வைத்து எல்லாக் கட்டத்தையும் தொட்டு எண்ணினேன். பதின்மூன்று.

'அதுல சனி' என்று ஆரம்பித்தானே, நான் முடிக்க விட்டேனா? பதிமூணு நாள் என்று தொண்டை கிழியக் கத்தினான். தொடவில்லை என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் கத்தினால் அது உண்மை என்பது எங்கள் வீட்டுப் பல்லிக்குக்கூடத் தெரியும். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான் அதை ஒருமுறைகூடச் சரிபார்க்கவில்லை.

அறிக்கையைக் கிழித்தேன். மூன்றரை மணிக்கு மேலாளர் அறைக்குப் போனேன். வாசலை ஒட்டிய நாற்காலியில் ஹாரன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"காலையில ஆள் வேலைதான்னீங்க. மத்தியானம் மெஷின் வேலைங்கறீங்க. நடுவுல வீட்ல இருந்து போன் வந்துச்சா?"

"வந்துச்சு சார்."

"அதானே பார்த்தேன்."

"சார், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சொந்தம்னா இழுக்கும்தான், மேடம். நான் தப்புச் சொல்லல. ஆனா அவர் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டு அவரைக் காப்பாத்தப் பாக்கறீங்களோன்னு எனக்குத் தோணுது."

உண்மையைச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் கண்ணில் அதன் நிழல்கூட விழாததைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கத்த வேண்டும்போல இருந்தது. அவன் ஏன் கத்துகிறான் என்பதும் புரிந்தது.

"நீங்களே அந்த நூத்தி முப்பத்தொண்ணுல இருந்து ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க சார்," என்றேன். "திரும்பி வந்துதா இல்லையான்னு எங்கிட்ட சொல்லாதீங்க. அது எந்த மூணு நோடுல இருக்குன்னு பார்த்து, நான் சொல்றேன்."

பட்டியலைக் கையால் மறைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். வரவில்லை என்றேன். இன்னொன்று. வந்தது என்றேன். பன்னிரண்டு எண் சொல்லிப் பார்த்தார். பன்னிரண்டாவது முடிந்ததும் மறைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"ஏழை ஏத்தினது யாரு?"

"நான். பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு."

"தெரியாம எண்ணிட்டீங்க. அது ஒரு மெமோவோட போயிடும்," என்று பேனாவை எடுத்தார். "யாராவது எச்சரிச்சும் செஞ்சிருந்தா அது வேற கதை. யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது, ஹாரன் இரண்டடி தூரத்தில் இருந்தான்.

"சொன்னான் சார். பதிமூணு நாள்னு சொன்னான். அழிக்கணும்னு சொன்னான். நான்தான் நம்பல."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். இப்போதும் அவருக்குச் சந்தேகம்தான். கொழுந்தனுக்கு ஒரு நல்ல பெயரையும் சேர்த்து வாங்கிக் கொடுக்கிறாளோ என்று. அவனை உள்ளே கூப்பிட்டார்.

"தம்பி, போன புதன்கிழமை ஏழை ஏத்தறதுக்கு முன்னாடி மேடம்கிட்ட ஏதாவது சொன்னீங்களா? பதிமூணு நாள், அழிக்கணும், அப்படி ஏதாவது?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் செருப்பைப் பார்த்தான்.

"ஞாபகம் இல்ல சார்," என்றான்.

மேலாளர் காதை முன்னால் கொண்டுவந்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.

நான் மேசையருகே ஓரடி முன்னால் வந்தேன்.

"சார்," என்றேன், "அவன் பொய் சொல்றான்."

எனக்கு மூன்று மாதத்துக்கு அந்தப் பாஸ்வேர்டு இல்லை என்று முடிவானது. அதுவரை அது அவனிடம் மட்டும் இருக்கும். காவல்துறைக்குப் போகவேண்டிய அறிக்கை எண்ணிக்கைப் பிழை என்று இரண்டு பத்தியில் போயிற்று. அதில் என் பெயர் மட்டும் இருந்தது.

படியிறங்கும்போது அவனைக் கேட்டேன். "ஏன்டா பொய் சொன்ன?"

"காலையில உண்மையைச் சொன்னேனே அண்ணி! என்ன ஆச்சு?"

படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. மேலே ஏறி வந்துகொண்டிருந்த கோப்புப் பிரிவு அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேன்," என்றேன். "உன் விஷயத்துல முதல்ல இருந்தே தப்பு பண்ணிட்டேன்."

"லைசென்ஸ் விஷயத்தை அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. கணக்கு நேராயிடும்," என்றான்.

கீழே போய் ஏழை மறுபடி வெளியே எடுத்து, முழுவதும் அழித்து, வெறுமையாக உள்ளே விட்டான். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த நாற்பத்து மூன்று உரிமங்களையும் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தான். பட்டியலில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே போனான். இருபத்தொன்பதாவதில் கொஞ்சம் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, தட்டினான்.

"என்னுதையும் அழிச்சிட்டேன் அண்ணி!"

வராந்தா முழுக்கக் கேட்டது. என் திரையிலேயே தட்டிப் பார்த்திருக்கலாம், அதற்குப் பாஸ்வேர்டு தேவையில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு, "சரி, வா, கிளம்பலாம்," என்றேன்.